கொழும்பில் இரவு ஓட்டம்: நிலாவெளித் தம்பிமாருக்கு ஏழு ஆலோசனைகள்

ஐப்பசியில் மாரி தொடங்கினால் நிலாவெளியில் சுற்றுலா சீசன் முடிந்தது. புறாத்தீவுக்கு ஓடிய படகுகள் கரையேறும். ஹோட்டல்காரர் "சித்திரைக்குப் பிறகு வாங்கோ தம்பி" என்று அன்போடு அனுப்பிவைப்பார். கவலை வேண்டாம். மோட்டார் சைக்கிளும் ஸ்மார்ட்போனும் இருந்தால் கொழும்பு உங்களை ஏற்றுக்கொள்ளும். 2015இல் பிக்மீ, ஊபர் என்ற வாடகை வண்டிச் செயலிகள் அங்கே ஓடத் தொடங்கின. பிறகு சாப்பாடும் அவற்றில் ஏறிக்கொண்டது. இப்போது நடுச்சாமத்திலும் கொழும்புக்குப் பசிக்கிறது. அந்தப் பசியைச் சுமக்க விரும்புவோர் கவனிக்க:

1. முதலாளி ஆகுங்கள்
வண்டி உங்களுடையது. அதன் லீசிங் தவணையும் உங்களுடையது. பெற்றோல், டயர், டேட்டா, மழைக்கோட்டு எல்லாமே உங்களுடையவை. இவ்வளவு சொத்துள்ள ஒருவரை யாராவது தொழிலாளி என்பார்களா? கம்பனியிடம் இருப்பது ஒரு செயலி மட்டும். அந்த ஏழைக்கு ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு பங்கு கொடுத்து உதவுங்கள்.

2. காத்திருக்கப் பழகுங்கள்
கொத்து ரொட்டிக் கடையில் தகட்டின் மேல் கத்திகள் தாளம் போடும். உங்கள் ஓடர் இன்னும் மூன்று பேருக்குப் பின்னால் இருக்கும். கதிரையில் இருக்கக் கூடாது; அது வாடிக்கையாளருக்கு. கழிப்பறையும் அப்படியே. ஆகவே இரவு ஒன்பதுக்குப் பிறகு தண்ணீர் குடிக்காதீர்கள். உள்ளே கொத்து அடிப்பவரைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம். அவருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உண்டு: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் போட வேண்டும். கடைக்காரர் இதையெல்லாம் கொடுக்கிறாரா என்பது வேறு கதை. கேட்பதற்குச் சட்டமாவது இருக்கிறது. கொத்து வாசற்படியைத் தாண்டி உங்கள் பெட்டிக்குள் ஏறியதும் அந்தச் சட்டம் கடையோடு நின்றுவிடும்.

3. மழையை விரும்புங்கள்
ஐப்பசி, கார்த்திகையில் கொழும்பில் பின்னேரமானால் இடியோடு கொட்டும். மழைக்கு ஓடர் கூடும். பொதி நனைந்தால் ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கும். நீங்கள் நனைந்ததற்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே மழைக்கோட்டைப் பெட்டிக்குப் போர்த்துங்கள்.

4. அடுக்குமாடி நாகரிகம்
வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் வீட்டு இலக்கம் தேடுவது தனிக் கலை. கண்டுபிடித்ததும் செக்யூரிட்டி சொல்வார்: "மல்லி, பைக் வெளியே." ஒன்பதாம் மாடிக்காரர் போனில் சொல்வார்: "மேலே கொண்டு வாங்கோ." லிப்டில் ஏற உங்களுக்கு அனுமதி இல்லை. மூவருக்கும் மனம் நோகாமல் நடந்துகொள்ளுங்கள். மூன்றாமவர் செயலி, அது அடுத்த ஓடருக்கு நேரம் எண்ணிக்கொண்டிருக்கும்.

5. விழாதீர்கள்
வேலையில் காயப்படும் தொழிலாளிக்கு இலங்கையில் 1934 முதல் நட்டஈட்டுச் சட்டம் உண்டு. நீங்கள் முதலாளி; முதலாம் ஆலோசனையை மறுபடி வாசிக்கவும். செயலி காப்புறுதி ஏதும் தந்தால் அதன் நிபந்தனைகளை விழுவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள். விழுந்த பிறகு கை ஒத்துழைக்காது.

6. காற்றில் ஓடப் பழகுங்கள்
2022 ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அடுத்த மாதம் கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அப்போது ஓடிய அண்ணன்மார் பெற்றோல் செற் வரிசையில் படுத்து இரவைக் கழித்தார்கள். வரிசையில் நிற்பதற்கு எந்தச் செயலியும் காசு தராது. நாட்டுக்கு நெருக்கடி வந்தால் அதில் உங்கள் பங்கை முதலாளிக்குரிய கம்பீரத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

7. வெளிநாட்டுச் செய்தி வாசிக்காதீர்கள்
2021 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் என்றது. செயலியைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்றது. தமிழ்நாட்டில் 2023இல் செயலி வழி வேலை செய்வோருக்கென நலவாரியம் வந்தது. 2025இல் சென்னை மாநகராட்சி அவர்களுக்காக அண்ணா நகரில் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது, கழிப்பறையோடு. இதையெல்லாம் வாசித்தால் தூக்கம் கெடும். உங்களுக்குக் கிடைப்பதே பகல் தூக்கம்.

ஏழு ஆலோசனைகளையும் கடைப்பிடித்தால் சித்திரை வரை தாக்குப்பிடிக்கலாம்.

இனி ஓடர் கொடுப்பவர்களுக்கு. கொத்து அடிப்பவருக்கு 1954இல் எழுதிய சட்டத்தை, அதைச் சுமப்பவருக்கும் எழுத முடியும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி, விபத்துக்கு நட்டஈடு, சேமலாப நிதி: கேட்பது இவ்வளவுதான். உங்கள் மாவட்ட எம்.பி. அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள். அதுவரை, நடுச்சாமத்தில் சாப்பாடு வரவழைத்தால் கீழே இறங்கி வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள். லிப்டில் ஏற உங்களுக்கு அனுமதி உண்டு.