தூணடி ரசிகனின் விண்ணப்பம்

புதிய சங்கீத மண்டபத்தின் கௌரவ காரியதரிசி அவர்கள் சமூகத்திற்கு, மார்கழி ரசிகன் ஒருவன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தங்கள் சபையார் பெரும் பொருட்செலவில் நிர்மாணித்து, மங்கள வாத்தியம் முழங்க இந்தச் சீசனில் திறந்துவைத்திருக்கும் மண்டபத்தின் பெருமையைத்தான் மயிலாப்பூர் முதல் மாம்பலம் வரை எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் பாவிய பளிங்கும், மார்கழிக் குளிர் போதாதென்று உள்ளே பொழியும் குளிர்சாதனக் காற்றும், மிதிக்கக் கூசும்படியான கம்பளமும், நன்கொடையாளர்களின் திருநாமங்களைத் தாங்கிச் சுவரெல்லாம் மின்னும் பித்தளைப் பலகைகளும் ஆகிய இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டு அனுபவித்த ஒருவன், மேடையை மட்டும் காண முடியவில்லை என்று முறையிடுவது நன்றியற்ற செயலாகத் தோன்றக்கூடும் என்பதை நான் உணராமல் இல்லை. ஆயினும், கச்சேரிக்கு வந்தவன் மேடையைக் காண ஆசைப்படுவது மனித சுபாவத்துக்கு முற்றிலும் விரோதமானதன்று என்ற தைரியத்தில் மேற்கொண்டு எழுதத் துணிகிறேன்.

என் இருக்கைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு தூண் நிற்கிறது. அது சாமானியமான தூண் அன்று. இருவர் கைகோத்து அணைத்தாலன்றி அடங்காத சுற்றளவும், மெருகேற்றிய கருங்கல் போர்வையும், என் கண்மட்டத்துக்கு நேராகப் பதித்த பித்தளைத் தகடு ஒன்றும் உடையது. அத்தகட்டில், தூணை உபகரித்த தனவந்தரின் பெயரும், அவரைப் பெற்றோரின் பெயர்களும், அவர்களுடைய பூர்வீகக் கிராமமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வர்ணம் தொடங்கி மங்களம் முடியும்வரை பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமையால், அந்த வம்சாவளியை இப்போது நான் பாராமலே ஒப்பிப்பேன். அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு எனக்கு அழைப்பு வந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

கச்சேரியைக் காண்பதற்கு நாங்கள் செய்துகொண்டிருக்கும் ஏற்பாட்டையும் தாங்கள் அறிய வேண்டும். என் இடப்பக்கத்தில் அமரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குப் பாடகியின் வலக்கை மட்டும் வாய்த்திருக்கிறது. வலப்பக்கத்து மாமிக்கு இடத்தோளும், புடவைக் கரையும், ஒரு வைரத்தோடும் கிடைத்திருக்கின்றன. தலைமையாசிரியர் தாளத்தை அறிவிப்பார். மாமி பட்டின் நிறத்தை அறிவிப்பார். இவ்விரண்டையும் கொண்டு, நடுவில் இருக்கும் நான் முழுமையான ஒரு பாடகியை மனத்தில் சிருஷ்டித்துக்கொள்வேன். ஒருநாள் இடைவேளையில் வெளியே ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்தபோது, நான் சிருஷ்டித்தவர் வேறு யாரோ என்பது தெரிந்தது.

பக்கவாத்தியங்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கியிருக்க வேண்டும் என்பது மேடைச் சம்பிரதாயமாதலால், வலக்கை வித்வான் பாடகருக்கு வலப்புறத்திலும் இடக்கை வித்வான் இடப்புறத்திலும் அமர்வார்கள். எஞ்சிய பக்கம் பிடிலுக்கு உரியது. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தவராகையால், அவருடன் வாசிக்க இடம் மாறி உட்கார வேண்டுமே என்று அக்காலத்துப் பிடில் வித்வான்கள் சிலர் பிணங்கிய கதை சங்கீத உலகம் அறிந்தது. அந்தப் பிணக்கின் முழு அர்த்தமும் எனக்குத் தங்கள் மண்டபத்தில்தான் விளங்கிற்று. பலமாகச் சாய்ந்தால் என் இடத்திலிருந்து மேடையின் ஒரு ஓரம் தெரியும். அந்த ஓரத்தில் தெரியப்போவது மிருதங்கமா பிடிலா என்பது வித்வானின் கைவாக்கைப் பொறுத்தது. ஆகவே இப்போதெல்லாம் கச்சேரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பாடுகிறவர் யார் என்று நான் விசாரிப்பதில்லை. மிருதங்கக்காரர் எந்தக் கைக்காரர் என்றே விசாரிக்கிறேன்.

இந்த இருக்கை எனக்கு எப்படி வாய்த்தது என்று தாங்கள் கேட்கலாம். முன்னாட்களில் சபா வாசலில் விடியற்காலையில் வரிசையில் நின்றால், ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தா, மண்டபப் படத்தைப் பென்சிலால் தட்டியபடி, "அது வேண்டாம் சார், அங்கே ஒண்ணும் தெரியாது, ரெண்டு வரிசை பின்னாலே போங்கோ" என்று சொல்வார். சபைக்கு நஷ்டம் வருமே என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை. இப்போது அந்தக் குமாஸ்தாவின் ஸ்தானத்தில் செல்பேசி இருக்கிறது. அதில் விரியும் படத்தில் நாற்காலிகள் பச்சைச் சதுரங்களாக அணிவகுத்து நிற்கின்றன. மேடை இருக்கிறது, வாயில்கள் இருக்கின்றன, சிற்றுண்டிச்சாலைகூட ஒரு காப்பிக் கோப்பையின் உருவத்தில் இருக்கிறது. தூண்கள் மட்டும் இல்லை. இத்தனை பிரம்மாண்டமான வஸ்துவை இத்தனை சுத்தமாக மறைத்த சித்தரின் கைவண்ணத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வரிசை முழுவதற்கும் ஒரே விலை. அதற்குமேல், சிப்பந்தி ஒருவரும் சேவிக்காத சேவைக்கென்று தனியாக ஒரு தொகை. நல்ல சதுரங்கள் யாவும் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் சாம்பல் நிறமாகிவிட்டன. எஞ்சியது இந்தப் பச்சை.

தூணைப் பற்றி முதல்நாளே முறையிட்டேன். மார்பில் சின்னம் குத்திய இளைஞர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சங்கீதம் கேட்கிறதுக்குத்தானே சார்?" என்றார். இந்த வாதத்தின் வேதாந்தச் சாயலைக் கண்டு நான் ஒரு கணம் மயங்கியது உண்மை. ஆனால் கேட்பது ஒன்றே பிரயோஜனமென்றால், வானொலியும் ஒலித்தட்டும் வீட்டிலேயே இருக்க, வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இத்தனை தூரம் வருவானேன்? ஆலாபனையில் ஒரு பிடி விழுவதற்கு முன்பே பாடகரின் கை அதைக் காற்றில் வரைந்துவிடுகிறது. கல்பனாஸ்வரத்தில் எதிர்பாராத இடத்தில் வந்து நின்றுவிட்டுப் பாடகர் பிடில்காரரை ஒரு பார்வை பார்க்கிறார், பிடில்காரர் புருவத்தை உயர்த்துகிறார், அந்தப் புருவத்தில்தான் பாதி ரசம். சமத்திலிருந்து தள்ளி எடுப்பு வைத்த பல்லவியில், கோர்வை வந்து விழப்போகும் தருணத்தில் ஆயிரம் பேர் பாடகரின் தொடையைத் தட்டும் கையையே பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருக்கிறார்கள். நானோ அந்தத் தருணத்தில் தனவந்தரின் தாயார் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் "ஆஹா" என்ற பிறகு, பந்திக்குக் கடைசியில் வந்தவனைப்போல, மிஞ்சிய "ஆஹா" ஒன்றைத் தனியாகச் சொல்லிவைக்கிறேன்.

இது நூதனமான கோரிக்கை அன்று. இளங்கோவடிகள் மாதவியின் அரங்கேற்றத்துக்கு அரங்கு சமைத்தபோது, பெருவிரல் 24 கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்து சொன்னதோடு நில்லாமல், தூண்களின் நிழல்கூட இடையூறாக விழாதபடி விளக்குகளை நிறுத்தியதையும் மறவாமல் சொல்லியிருக்கிறார். தூணின் நிழலுக்கே அவ்வளவு கவலைப்பட்ட நாடு இது. பரத முனிவரும் நாட்டிய சாஸ்திரத்தின் 2ஆம் அத்தியாயத்தில், 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உள்ள நடுத்தர மண்டபமே மனிதருக்கு ஏற்றது, அதனினும் பெரிதானால் குரலும் தெளிவாகக் கேளாது, முகத்தின் பாவமும் புலப்படாது என்று எச்சரித்து, பார்ப்போரின் ஆசனங்களைப் படிப்படியாக உயர்த்தி அமைக்கச் சொல்லுகிறார். இவ்விருவரும் தங்கள் கட்டடக் கமிட்டியில் அங்கம் வகிக்காதது நமது துர்ப்பாக்கியம்.

மேல்மாடத்தைத் தாங்குவதற்குத் தூண் வேண்டாமா என்று தங்கள் இஞ்சினீயர் கேட்பார். நியாயமான கேள்விதான், பின்சுவரிலிருந்தே உத்தரத்தை நீட்டித் தூணில்லாமல் மாடம் எழுப்பும் வித்தை நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்தாலும், அதற்குச் செலவு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய நாட்களிலும் தூண்கள் இல்லாமல் இல்லை. 1928இல் ஸ்தாபிதமான மியூசிக் அகாடமிக்கே 1962இல்தான் சொந்த மண்டபம் அமைந்தது. அதற்கு முன்பெல்லாம் சீசன் கச்சேரிகள் பந்தல்களிலும் பிறர் கூடங்களிலுமாக நடந்தன. பந்தல் என்றால் கால்கள் இருந்தே தீரும். ஆனால் பந்தற்கால் மறைத்தால் ரசிகன் நாற்காலியை ஒரு முழம் இழுத்துப் போட்டுக்கொள்வான். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தால் அதுவும் வேண்டாம், சற்று நகர்ந்தால் போதும். தங்கள் மண்டபத்தில் நாற்காலியையும் தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டபடியால், தூணுக்கும் ரசிகனுக்கும் ஏற்பட்ட சம்பந்தம் விவாக சம்பந்தம்போல் நிரந்தரமாகிவிட்டது. நெல்லையப்பர் கோயில் தூண்களைப்போல் தட்டினால் ஸ்வரம் பேசுமா என்று ஒருநாள் ரகசியமாகத் தட்டியும் பார்த்தேன். அதுவும் இல்லை.

சென்ற வாரம் நிகழ்ந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அன்று பாடிய அம்மையார், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்திலிருந்து, திருப்புன்கூரில் நந்தி குறுக்கே கிடந்து சிவதரிசனத்தை மறைப்பதைக் கண்டு நந்தனார் உருகும் நாட்டைக்குறிஞ்சிக் கீர்த்தனையை எடுத்தார். நல்ல இருக்கைகளில் இருந்தவர்கள் அதை நாட்டைக்குறிஞ்சியாகக் கேட்டார்கள். நாங்கள் சுயசரிதமாகக் கேட்டோம். எங்கள் தூணுக்குப் பின்னால் நேர்க்கோட்டில் அமர்ந்திருந்த ஏழெட்டுப் பேரிடமிருந்து ஏககாலத்தில் எழுந்த பெருமூச்சைத் தம் பாவத்தின் விளைவென்று கருதிய அம்மையார், அந்த அடியை இன்னும் இரண்டு தடவை புதிய சங்கதிகளோடு பாடினார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈசன் நந்தியை விலகியிருக்கச் சொல்லும் அடுத்த கீர்த்தனையும் வருமோ என்று தலைமையாசிரியர் என் காதருகே கேட்டார். வந்தது, பூர்விகல்யாணியில், மிக விஸ்தாரமாகவே வந்தது. திருப்புன்கூரில் அன்று விலகிய நந்தி இன்றளவும் விலகியே இருப்பதை அத்தலத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தங்கள் தூண் ஓர் அங்குலமும் அசையவில்லை. கல் நந்திக்கு இருந்த காருண்யம் கருங்கல் போர்த்திய சிமெண்டுக்கு இல்லாமற் போனதற்கு, மேலே சாய்வு நாற்காலியில் அமர்ந்து எங்கள் தூணின்மீது பாரம் செலுத்திக்கொண்டிருந்த மேல்மாடத்துச் சீமான்களே காரணமாக இருக்கலாம்.

முன்வரிசைச் சோபாக்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கம்பெனிப் பெயர் எழுதிய வெள்ளைத் துணிகளைப் போர்த்திக்கொண்டு அவை தாமே கச்சேரி கேட்கின்றன; எப்போதேனும் வந்து அமரும் ஓரிருவரும் தனி ஆவர்த்தனத்தின் முதல் சொல் விழுந்ததும் ரவா தோசையை உத்தேசித்து எழுந்து போய்விடுகிறார்கள். அந்தச் சோபாக்களுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு துரும்பும் இல்லை.

இனி, தங்கள் பரிசீலனைக்குச் சில யோசனைகள். வியன்னாவின் அரசாங்க இசைநாடக சாலையில் மேடை சரியாகத் தெரியாத இடங்களை அப்படியே சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். இசையேட்டை விரித்துவைத்துப் படித்தபடி கேட்பதற்கு விளக்குப் பொருத்திய மேஜைகளும் அங்கே உண்டு. தங்கள் படத்திலும் அந்தச் சதுரங்களுக்கு வேறு நிறம் தீட்டி, ஒரு சிறு விளக்கும் கீர்த்தனைப் புஸ்தகமும் கொடுத்து, பாதி விலை வாங்கினால் நானே முதல் ஆளாக வந்து நிற்பேன். தூண் இன்னதென்று தெரிந்து அதன் பின்னால் அமர்வதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அது இயலாதென்றால், அந்தந்தத் தூணை உபகரித்த தனவந்தருக்கு அந்தந்தத் தூணின் பின்புறத்து ஆசனத்தையே பரம்பரை பாத்தியதையாக அளித்துவிடலாம். தம் பெயரை ஆண்டுதோறும் கண்குளிரப் படிக்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டும். இவ்விரண்டும் கூடாவிட்டால், தகட்டையாவது சற்று உயரத்தில் மாற்றிப் பதித்து, அந்த இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பொருத்த வேண்டுகிறேன். மேடை தெரியாவிட்டாலும், பின்னால் சிற்றுண்டிச்சாலையில் காலியாகிக்கொண்டிருக்கும் காப்பி வரிசையையாவது அதில் பார்க்கலாம்.

வரும் வருஷத்துக்கும் அதே இருக்கையை எனக்கே ஒதுக்கி, பழைய ரசிகர் என்ற முறையில் முன்னுரிமை அளித்திருப்பதாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்து சேர்ந்தது. தங்கள் அபிமானத்துக்கு நன்றி. சந்தாவுக்கான காசோலையை இத்துடன் இணைத்திருக்கிறேன். கேட்டதற்கு உரிய பாதியை எழுதி, பாராததற்கு உரிய பாதியைக் கழித்திருக்கிறேன்; கழித்த தொகையைத் தாங்கள் மேல்மாடத்தாரிடம் தூண் வாடகையாக வசூலித்துக்கொள்ளலாம். ரசீதை என் பெயருக்கே அனுப்பும்படி பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
ஜி வரிசை, தூணுக்குப் பின்.