டெல்டாவில் பனிச்சறுக்கு வண்டி

டிசம்பர் பிறந்தால் தஞ்சாவூர் ஜவுளிக்கடை ஒலிபெருக்கிகளில் பனிச்சறுக்கு வண்டி கிளம்பிவிடும். வெளியே அடைமழை, சம்பா வயலில் முழங்கால் தண்ணீர். அந்த வண்டிக் குதிரை இங்கே இறங்கினால் டிராக்டர் கட்டித்தான் இழுக்க வேண்டும். 1857-இல் ஜேம்ஸ் பியர்பாண்ட் வெளியிட்ட, அந்த வண்டி ஓடும் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டில் இயேசுவும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. கல்லாவுக்கு இதைவிடத் தோதான பக்திப் பாடல் ஏது? யார் மனமும் புண்படாது. பில் மட்டும் ஏறும்.

1958-இல் அமெரிக்க நையாண்டிக் கலைஞர் ஸ்டான் ஃப்ரீபெர்க், பண்டிகையை விற்றுத் தின்னும் விளம்பரக்காரர்களைக் கிண்டலடித்து ‘கிரீன் கிறிஸ்மஸ்’ என்று இசைத்தட்டு போட்டார். சில வானொலி நிலையங்கள் அதைத் தொடவே மறுத்தன. படியளக்கும் விளம்பரதாரரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? மறு ஆண்டே நையாண்டிப் பாடகர் டாம் லேரரும் தன் பங்குக்கு இதே வியாபாரத்தைப் பியானோவில் குத்திக்காட்டினார்.

நல்ல பண்டிகைப் பாட்டுக்கு நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சரபோஜி மன்னரைப் போலவே மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தஞ்சையிலிருந்தே ‘பெத்லகேம் குறவஞ்சி’யைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கீர்த்தனைகள் தேவாலயங்களில் இன்றும் ஒலிக்கின்றன. கடைக்குத்தான் ஒத்துவராது. குறத்தி குறி சொல்கிறாளே தவிர, ‘இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்’ என்று சொல்லத் தெரியவில்லையே!