இ-பாஸ் நிபுணர்

2020 ஊரடங்கின்போது சென்னையில் தெருவுக்கு ஒரு தகரத் தடுப்பு இருந்ததோ இல்லையோ, ஒரு நிபுணர் இருந்தார். தகரத்தைக் கொஞ்ச நாளில் மாநகராட்சிக்காரர்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். நிபுணரைக் கழற்ற யாராலும் முடியவில்லை.

அடையாளம் சொல்கிறேன், உங்கள் தெருக்காரரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அரசாங்கத்திலோ வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவர். சலூன்கள் மூடிக் கிடந்ததால் முடி காதை மூடியிருக்கும். முகக்கவசம் உண்டு, ஆனால் தாடையில். பேசுவதற்காக இறக்கினார்; பேச்சு நிற்காததால் திரும்ப ஏற்றுவதற்கு வாய்ப்பே அமையவில்லை. கையில் செல்போன், அதில் அரசாணை. வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை ராத்திரி பத்து மணிக்கு ஓர் ஆணை வெளியிட்டால், பத்தேகாலுக்கு அது குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். பத்தரைக்கு விளக்கவுரை வரும்: "பாரா ஏழைக் கவனிக்கவும்." நாங்களெல்லாம் டிவியில் கீழே ஓடும் எழுத்தைப் படித்துவிட்டுப் பயந்துகொண்டிருந்தோம். ஆணையை முழுசாகப் படித்துவிட்டுப் பயந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் நிபுணரானது மார்ச் 24-ஆம் தேதி. அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. 8 மணிக்குப் பிரதமர் டிவியில் தோன்றி, நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். நிபுணர் உடனே ஒரு கோட்பாடு கண்டுபிடித்துவிட்டார்.

"எட்டு மணின்னாலே வில்லங்கம் சார். 2016 நவம்பர் 8, ஐநூறு ரூபா ஆயிரம் ரூபா செல்லாதுன்னு சொன்னதும் எட்டு மணி. இதுவும் எட்டு மணி. காலையில பேசினார்னா பயமில்ல."

ஏப்ரல் 3 காலையில் பிரதமர் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார். நிபுணர் மொட்டை மாடியில் அகல் விளக்கோடு நின்று, கோட்பாடு நிரூபணமானதை அறிவித்தார். ஏப்ரல் 14 காலை பத்து மணிக்குப் பிரதமர் மறுபடி வந்து ஊரடங்கை மே 3 வரை நீட்டினார். கோட்பாடு அங்கேயே உடைந்திருக்க வேண்டும். "பத்து மணி வேற கணக்கு" என்று சொல்லிவிட்டார். மே 12 ராத்திரி எட்டு மணிக்கு 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, "பாத்தீங்களா, எட்டு மணி!" என்றார்.

"சார், அது பணம் குடுக்கிற அறிவிப்பாச்சே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்கு வந்துச்சா?"

அவர் எந்தக் கட்சி என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்த அன்று முதல்வரைப் பற்றி "எடப்பாடி பரவாயில்லப்பா" என்றார். சாயங்காலம் அப்போதைய சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் மாவட்டவாரியாக எண்ணிக்கை வாசிக்கும்போது முழு எதிர்க்கட்சியாகிவிடுவார். அந்த எண்களைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்து, நேற்றைய எண்ணோடு கழித்துப் பார்த்து, "எங்கேயோ இடிக்குது" என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். அதைச் சொன்னால் அப்புறம் நாளைக்குப் பேச என்ன இருக்கிறது?

டாஸ்மாக் விவகாரத்தில் அவர் கரை கண்டவர். மே 7-ல் கடை திறந்தது, மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது, 16-ல் மறுபடி திறந்தது, அத்தனையையும் தேதி பிசகாமல் ஒப்பிப்பார். ஒவ்வொரு முறையும் "நான் தொடறதில்ல" என்று முடிப்பார். சென்னையில் மட்டும் ஆகஸ்ட் 18 வரை கடை திறக்கவில்லை என்பதில் அவர் அடைந்த வேதனை முற்றிலும் பொதுநலம் சார்ந்தது.

"அடுத்த வருஷம் தேர்தலே நடக்காது, எழுதி வச்சுக்குங்க" என்றும் சொன்னார். 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி தேர்தல் நடந்தது. வாக்குச் சாவடியில் கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். யாரும் எழுதி வைத்திருக்கவில்லை என்பதால் தப்பித்தார்.

ஆனால் அரசியலெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. உயிர்மூச்சு இ-பாஸ்தான்.

அவருக்குச் சொந்த ஊர் தென்காசி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, குடியிருப்பில் வீடு வீடாக இனிப்புக் கொடுத்தார். திருநெல்வேலியிலிருந்து பிரிந்த சந்தோஷத்துக்குத் திருநெல்வேலி அல்வா. அந்த மாதம் செங்கல்பட்டு, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்னும் நாலு மாவட்டங்களும் பிறந்தன. கோடு கூடினால் செக்போஸ்ட்டும் கூடும் என்று அன்றைக்கு அல்வா தின்ற யாருக்கும் தோன்றவில்லை. சில மாதங்களில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக, இணையத்தில் விண்ணப்பித்து வாங்கும் இ-பாஸ் வேண்டும் என்றார்கள்.

சென்னையிலிருந்து தென்காசிக்குக் காரில் போனால் எத்தனை மாவட்டம் என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் சொல்வார்: "சென்னை, செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், பெரம்பலூர், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, விருதுநகர், தென்காசி. பதினொண்ணு." புதுக்கோட்டை எங்கே வந்தது என்று சந்தேகப்பட்டால் மாட்டிக்கொண்டீர்கள். "விராலிமலை எந்த மாவட்டம்? புதுக்கோட்டை. உளுந்தூர்பேட்டை? கள்ளக்குறிச்சி. வேப்பூர்? கடலூர். தெரியாம கிளம்பினீங்கன்னா நடுரோட்டுல நிக்கணும்."

ஜூன் 1-ல் தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்குள் போக பாஸ் வேண்டாம் என்றார்கள். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. தென்காசி, நெல்லை, தூத்துக்குடி, குமரி நாலும் ஒரே மண்டலம்.

"ஊர்ல இருந்திருந்தா கன்னியாகுமரி வரைக்கும் பாஸ் இல்லாம போகலாம்."

"இங்கேருந்து சார்?"

"இங்கேருந்து பால் பூத் வரைக்கும்."

அவர் தொழில் நடந்த விதத்தை மூன்றாம் மாடி அம்மா விஷயத்தில் கிட்ட இருந்து பார்க்க முடிந்தது. அந்த அம்மாவின் மகள் தஞ்சாவூரில் நிறைமாதக் கர்ப்பிணி. நிபுணர் மாடிப்படித் திருப்பத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அந்த அம்மா சமூக இடைவெளிக்காக நாலு படி கீழே நின்றார்.

"காரணம் என்ன போடட்டும்?"

"பொண்ணுக்குப் பிரசவம் சார்."

"அப்படி ஒரு தலைப்பு இல்லியேம்மா. கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம், வெளியூர்ல மாட்டிக்கிட்டவங்க. இதுல எது வேணும்?"

"ஐயோ, சாவெல்லாம் வேணாம் சார்."

"அப்ப கல்யாணம்னு போட்டுருவோம். பத்திரிகை இருக்கா?"

"யாரோட கல்யாணம்?"

"உங்க பொண்ணோடதுதான்."

"இருக்கு. ஆனா அதுல 2018-னு போட்டிருக்கே."

நிபுணர் கொஞ்சம் யோசித்தார். "அந்த இடத்தை மட்டும் மடிச்சுட்டு போட்டோ எடுத்தா?"

"மடிச்சா மாப்பிள்ளை பேரும் போயிடும் சார்."

மாப்பிள்ளை இல்லாமலே விண்ணப்பம் தயாரானது. ஓடிபி அந்த அம்மாவின் வீட்டுக்காரர் போனுக்குப் போனது. அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றார். அவரைப் பிடித்து எண்ணைக் கேட்பதற்குள் அது காலாவதியானது. இரண்டாவது ஓடிபி கிடைத்ததும் பத்திரிகையின் படம் அளவு பெரிது என்று ஏற மறுத்தது. அதைச் சுருக்கி ஏற்றியதும் கரண்ட் போனது. ஒருவழியாகச் சாயங்காலம் அனுப்பியாயிற்று. விளக்கு வைக்கும் நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது: நிராகரிக்கப்பட்டது.

"கவலைப்படாதீங்க, கோட்டையில நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்று போன் போட்டார். நம்ம ஆள் சுவிட்ச் ஆஃப்.

மறுநாள் தஞ்சாவூரிலிருந்து மகள் டாக்டரின் கடிதத்தை அனுப்பினாள். அந்த அம்மாவின் தங்கை மகன், கல்லூரி மாணவன், மருத்துவ அவசரம் என்ற தலைப்பில் உள்ளதை உள்ளபடி எழுதி விண்ணப்பித்தான். பாஸ் வந்துவிட்டது. நிபுணரிடம் போய்ச் சொன்னார்கள். "நேத்து நான் போட்ட அஸ்திவாரம்" என்றார். பாஸை மூன்று ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி, ஒரு பொட்டலம் கபசுரக் குடிநீர்ப் பொடி கொடுத்து வழியனுப்பினார்.

அவர் மனத்தை உண்மையில் புண்படுத்தியவன் தரைத்தளத்துப் பேச்சிலர் பையன். விழுப்புரம் பக்கத்து ஊர்க்காரன். ஜூன் 19-ல் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு என்று செய்தி வந்ததும், பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிப் போய்விட்டான். பாஸ் கிடையாது. விண்ணப்பிக்கவே இல்லை. நிபுணர் போன் பண்ணி விசாரித்தார்.

"எந்த விதியில போன?"

"ஏரிக்கரை வழியா வந்தேன் அங்கிள்."

நிபுணர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தப் பையனை ஊர்க்காரர்கள் 14 நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதாகத் தகவல் வந்த பிறகுதான் அவர் முகத்தில் களை வந்தது.

இத்தனை பேருக்கு வழி சொன்னவருக்குச் சொந்தமாக ஒரு பயணத் திட்டம் இருக்காதா? இருந்தது. முதலில் ஏப்ரல் 15-க்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டார். ரயிலே ரத்தாகி முழுப் பணமும் திரும்பி வந்தது. அப்புறம் கார். ஜூனில் குற்றாலம் சீசன் தொடங்குவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். முழு வெள்ளைத்தாளில் திட்டம் எழுதினார். விடிகாலை நாலு மணிக்குப் புறப்பாடு, ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பதால் இட்லிப் பொட்டலம் இத்தனை, பெட்ரோல் எங்கே, இறங்கி நிற்க நிழல் எங்கே என்று எல்லாம் அதில் இருந்தது. தேதி மட்டும் நிற்கவில்லை. மே 4 என்று எழுதினார், ஊரடங்கு நீண்டது. அடித்துவிட்டு மே 18 என்று எழுதினார், நீண்டது. அதையும் அடித்துவிட்டு ஜூன் 1 என்று எழுதியபோது அவர் மனைவி வாயைத் திறந்தார்: "தேதியை மட்டும் பென்சில்ல எழுதுங்களேன்."

ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரமும் போன் நம்பரும் கொடுத்து விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் உடனே இ-பாஸ் என்று அரசு அறிவித்தது. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நிபுணர் ஒருவர்தான் கொதித்தார். "கேட்டவனுக்கெல்லாம் குடுத்தா அப்புறம் பாஸுக்கு என்ன மரியாதை?" செப்டம்பர் 1-ல் மாநிலத்துக்குள் போய்வர இ-பாஸே தேவையில்லை என்றாகிவிட்டது. அவர் இரண்டாவது முறையாகப் பணி ஓய்வு பெற்றதுபோல் ஆனார்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்டார்கள்: "சார், எப்பக் கிளம்பறீங்க?" கீழே போய்க் காரின் உறையை எடுத்தார். ஐந்து மாதம் நின்ற கார். சாவியைத் திருகினால் சத்தமே இல்லை, பேட்டரி காலி. மெக்கானிக் வந்து புது பேட்டரி போட்ட பிறகும் அவர் கிளம்பவில்லை. "குற்றாலத்துல குளிக்கத் தடை. போயி அருவியைப் பார்த்துட்டு வரவா?" என்றார். சொன்னது சரிதான், அந்தச் சீசன் முழுக்க அருவியில் குளிக்க விடவில்லை. அப்புறம் மழை என்றார், அப்புறம் தேர்தல் என்றார், அப்புறம் இரண்டாவது அலையே வந்துவிட்டது.

கிண்டல் பண்ணியாயிற்று, நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடியிருப்பில் அந்த நாட்களில் 'அடுத்த மாசம்' என்ற பேச்சை எடுத்தவர் அவர் ஒருவர்தான். எந்த மருந்துக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள், காய்கறி வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்துக்கொண்டு தனியாக இருந்த முதியவர்கள் சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் அவருக்குத்தான் போன் பண்ணினார்கள். அவர் பாரா ஏழை விளக்கிவிட்டு, மாத்திரையையும் வாங்கிக் கொடுத்தார்.

தொற்று ஓய்ந்த பிறகு அவர் கொஞ்ச காலம் வாடித்தான் போயிருந்தார். 2024-ல் நல்ல காலம் பிறந்தது. நெரிசல் தாங்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, அந்த ஆண்டு மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. அன்று ராத்திரி பத்தேகாலுக்கு எங்கள் குழுவில் ஒரு செய்தி விழுந்தது: "கவனிக்கவும்."

கோடை விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் தாராளமாக அவரிடம் யோசனை கேட்கலாம், மனசார உதவுவார். அவர் ஊட்டிக்குப் போயிருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.