ஸ்டார்ட், கேமரா, சமத்துவம்

ஆறாவது செமஸ்டர் தொடங்கினால் திருச்சி வட்டாரக் கல்லூரிகளில் ஒரு புதிய பிறவி தலைகாட்டும். பாரதிதாசன் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஜெண்டர் ஸ்டடீஸ் என்று ஒரு பேப்பர் உண்டு. ஒரே ஒரு கிரெடிட். அதற்காக ராத்திரி கண்விழித்துப் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பாடம் எடுக்கும் மேம் கொஞ்சம் உற்சாகப் பேர்வழியாக அமைந்துவிட்டால், "அசைன்மெண்ட் எழுதிக் கிழிச்சது போதும். குரூப் குரூப்பா சேர்ந்து அஞ்சு நிமிஷ வீடியோ எடுத்துட்டு வாங்க. ஆம்பள வேலை, பொம்பள வேலைன்னு பிரிச்சு வச்சிருக்கோமே, அதப் பத்தி" என்பார். அவர் வாய் மூடுவதற்குள் கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்து நிற்பார். அவர்தான் டைரக்டர்.

அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்தல் வைத்தால் டெபாசிட் மிஞ்சாது என்பது அவருக்கே தெரியும். ஆகவே முந்திக்கொண்டு வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்துவிடுவார். ஆரம்பித்தவர் அட்மின், அட்மினே டைரக்டர். இந்தச் சட்டத்தை எதிர்த்து இதுவரை யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. அன்று சாயங்காலமே குரூப்புக்கு 'புதுமைப்பெண் புரொடக்‌ஷன்ஸ்' என்று பெயர் விழுந்துவிடும். டிபியில் கூலிங்கிளாஸோடு அவர் படம்.

இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சட்டம் கட்டி, ஒற்றைக் கண்ணால் அதற்குள் பார்ப்பது அவருடைய அடையாளம். கேன்டீனில் வடை வந்தாலும் முதலில் அந்தச் சட்டத்துக்குள் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். சொந்தப் போனில் மட்டும் ஒரு ஷாட் எடுக்க மாட்டார். அதில் ஸ்டோரேஜ் எப்போதும் ஃபுல். படம்பிடிக்க, குரூப்பில் எந்தப் பெண்ணிடம் நல்ல கேமரா போன் இருக்கிறதோ அது வந்து சேரும். கூடவே சார்ஜரும் அவள்தான் கொண்டுவர வேண்டும்.

முதல் கூட்டத்தில் வேலைப் பிரிவினை நடக்கும். "கிரியேட்டிவ் சைடு ஃபுல்லா நான் பாத்துக்கறேன். கேர்ள்ஸ் நீங்க சின்னச் சின்ன வேலைய மட்டும் பாத்துக்கங்க, போதும்." சின்ன வேலை என்றால் ஸ்கிரிப்ட் எழுதுவது. பிறகு ஷூட்டிங்குக்கு வீடு பார்த்து, அந்த வீட்டு அம்மாவிடம் பர்மிஷன் வாங்குவது. புடவை, வளையல், குழந்தை (யாராவது அக்காவுடையது), சாப்பாடு, எடிட்டிங், சப்மிட் செய்ய வேண்டிய ரிப்போர்ட், அதற்கு ஸ்பைரல் பைண்டிங். ரிப்போர்ட்டை ஏன் நாங்கள் எழுத வேண்டும் என்று கேட்டால், "உங்க ஹேண்ட்ரைட்டிங் அழகா இருக்கும்ல" என்பார். ரிப்போர்ட் டைப் செய்து தர வேண்டியது.

பெரிய கடை வீதிக்குப் போய் ஒரு சொட்டை அலுமினியப் பானை வாங்கிவர வேண்டும். யார் போவது? டைரக்டருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. "நீங்களே போயிட்டு வந்துருங்கப்பா. உங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே." டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு 2021இல் அறிவித்தபோது, கோட்டையில் யாரும் இப்படி ஒரு பயனை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தத் திட்டத்தால் எங்கள் வகுப்பில் அதிகம் மிச்சம் பிடித்தது டைரக்டர்தான்.

அவருக்கு இந்த விஷயத்தில் அக்கறையே இல்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். மனதார உருகுகிறவர். ஜியோ பேபி எடுத்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்தை ராத்திரிச் சாப்பாட்டின்போது போனில் பார்த்து, அந்த அழுக்குத் தண்ணி சிங்க் காட்சியில் கண் கலங்கிவிட்டதாக அவரே சொன்னார். அழுததில் கை கழுவ மறந்து, எச்சில் தட்டை அப்படியே வைத்துவிட்டாராம். பிறகு அம்மா வந்து எடுத்துப் போயிருக்கிறார். இதையும் சேர்த்தேதான் சொன்னார், உருக்கத்துக்கு அத்தாட்சியாக.

கதையும் அவர் கைவசம் தயாராக இருக்கும். ஒரு கணவன், ஒரு மனைவி. விடிந்து பார்த்தால் இருவர் வேலையும் இடம் மாறியிருக்கிறது. கணவன் தோசை சுடுகிறான். மனைவி கால்மேல் கால் போட்டு நியூஸ் பேப்பர் படிக்கிறாள். எங்கள் ஆறு பேர் வீட்டில் ஒருவர் வீட்டிலும் காலையில் யாரும் பேப்பர் பிரிப்பதில்லை, அப்பாக்கள் உள்பட. ஆனாலும் அதிகாரம் கைக்கு வந்துவிட்டால் மனிதர்கள் பேப்பர்தான் படிப்பார்கள் என்பது டைரக்டரின் தீர்மானம். "போன் பாக்கட்டுமே?" என்று கேட்டேன். "அப்ப கெட்டவளாயிடுவா" என்றார்.

புள்ளிவிவரம் இல்லாமல் மேம் மார்க் போட மாட்டார் என்று எங்களில் ஒருத்தி தேடி எடுத்து வந்தாள். மத்திய அரசின் காலப் பயன்பாட்டு ஆய்வு, 2024. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செய்கிறார்கள். செய்கிற ஆண்கள் 88 நிமிடம். இதே ஆய்வு 2019இல் சொன்னது 299, 97. டைரக்டர் வாயாலேயே கணக்குப் போட்டார். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கு ஒன்பது. "பாத்தியா! ஏறக்குறைய ஈக்வலா குறைஞ்சிருக்கு!" என்று முகம் மலர்ந்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "289 கேக்க நல்லால்ல. 300ன்னு போட்ரு, கெத்தா இருக்கும்."

ஷூட்டிங் எங்கள் வீட்டில், உறையூரில். கணவன் வேஷக்காரர் கேஸ் லைட்டரைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் பிடித்து, பர்னரைத் திறக்காமலே நாலைந்து தரம் சுட்டார். அடுத்து பர்னரைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினார். அம்மா ஓடிவந்து அணைத்தாள். கடைசியில் தோசையைக் கல்லோடு சேர்த்துச் சுரண்டி எடுத்தபோது, டைரக்டருக்கு அது பிரமாதமாகப் பிடித்துப்போனது. "இதான் வேணும்! ரியலிசம்!"

மாவு வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல் லைட் பிடித்துக்கொண்டிருந்த பையன் கரண்டியை வாங்கினான். அவன் அப்பா பரோட்டா மாஸ்டர். கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். மாவை நடுவில் விட்டு, கரண்டியின் அடிப்பாகம் உராயாமல் வட்டம் இழுத்தான். ஓரம் சிவந்து தானாக மேலே எழும்பியதும் சட்டுவத்தை ஒரே தள்ளு. தோசை முறுகலாகத் தட்டில் வந்து உட்கார்ந்தது. அம்மாகூட எட்டிப் பார்த்தாள். டைரக்டர் மட்டும், "கட்! கட்! மச்சான், நீ இவ்ளோ நல்லா ஊத்துனா எவன்டா நம்புவான்? ஆம்பளன்னா தடுமாறணும்டா" என்று கத்தினார். அந்த தோசை படத்தில் வராது. டைரக்டர் வயிற்றுக்குள் போனது.

எங்கள் குரூப்பில் ஒரு வாயாடி உண்டு. அவள்தான் கேட்டாள்: "கல்யாணத்துல சமைக்கிறது ஆம்பள. பரோட்டா போடுறது ஆம்பள. துணி தைக்கிறது, தேய்ச்சுக் குடுக்கறது, முக்கால்வாசி ஆம்பளதான். ருசியா இருந்தா நளபாகம்கிறோம், வீமபாகம்கிறோம். அதுலயும் பொம்பள பேரு இல்ல. அப்ப காசு வந்தா ஆம்பள வேலை, வரலேன்னா பொம்பள வேலை, அப்படித்தானே?"

டைரக்டர் துள்ளி எழுந்தார். "செம! இதான் படத்தோட பஞ்ச். எழுதிக்க, எழுதிக்க!" அவளையே எழுதச் சொன்னார். யார் பேசுவது என்று வந்தபோது, கணவன் வேஷக்காரரைக் கூப்பிட்டார். "நீ பேசு மச்சான். இத ஒரு பொண்ணு சொன்னா புலம்பற மாதிரி ஆயிரும். ஆம்பள சொன்னாத்தான் இம்பாக்ட்." வாயாடி தன் வசனத்தைத் தானே எழுதிக் கொடுத்து, எதிரில் நின்று பிராம்ப்ட் செய்து, அதைக் கேட்டுக் கண் கலங்குகிற மனைவியாகவும் நடித்தாள்.

பெண் டைரக்டர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். எல்லா வேலையையும் தாங்களே இழுத்துப் போட்டுச் செய்துகொண்டே மற்றவர்களைத் திட்டுவார்கள். அது வேறு ஜாதி நோய், தனியாக எழுத வேண்டும்.

கடைசிக் காட்சி மனைவி வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடப்பது. விடுதலையைக் குறிக்கிறதாம். மஞ்சள் வெயில் வேண்டும் என்று காத்திருந்ததில் மணி ஐந்தரை. வாயாடி ஹாஸ்டல், ஆறு மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள். பாய்ஸ் ஹாஸ்டலுக்கு கேட் உண்டு, பூட்டிப் பார்த்ததில்லை. அவள் பையை எடுத்ததும் டைரக்டருக்கு வந்ததே கோபம். "இதுக்குத்தான் கேர்ள்ஸோட வேலை பாக்கவே கூடாதுங்கிறது. ஆறு மணி அடிச்சா ஓடிருவீங்க. ஒரு டெடிகேஷன் வேணாமா?" விடுதலை அடைய வேண்டிய மனைவி ஆட்டோ பிடித்து ஓடினாள். வெளியே நடந்த கால்கள் என்னுடையவை. ஸ்கிரீனில் செருப்பு மாறியிருக்கும், யாரும் கவனிக்கவில்லை.

எடிட்டிங் நான். கைன்மாஸ்டர் ஓசி வெர்ஷன் என்பதால் மூலையில் வாட்டர்மார்க் நிற்கும். அதை மறைக்கத்தான் டைட்டில் பெரிதாக வேண்டும் என்றார் டைரக்டர். 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று அவர் பெயர் புல்லாங்குழல் இசையோடு மெதுவாக எழும்பும். எங்கள் பெயர்கள் 'உதவி' என்ற தலைப்பின் கீழே, டவுன் பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் போவதுபோல் போய்விடும். அதன் பிறகு 'சமர்ப்பணம்: அம்மாவுக்கு'. அவருடைய அம்மாவுக்கு. மாவு ஆட்டி வைத்தது என் அம்மா.

மேம் படத்தைப் பார்த்துவிட்டு, "வசனம் யாரு? ரொம்ப ஷார்ப்பா இருக்கே" என்றார். டைரக்டர் பெருந்தன்மையோடு, "டீம் எஃபர்ட் மேம்" என்றார். எல்லோருக்கும் ஒரே மார்க். அந்த விஷயத்தில் மட்டும் முழுச் சமத்துவம்.

மார்ச் 8ஆம் தேதி காலையில் ஸ்டேட்டஸில் யூடியூப் லிங்க் ஏறியது. கொஞ்ச நேரத்தில் குரூப்பிலும் செய்தி வந்தது: "ஹேப்பி விமன்ஸ் டே கேர்ள்ஸ்! படத்த ஷார்ட் ஃபிலிம் காம்பெடிஷனுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். இங்கிலீஷ் சப்டைட்டில் வேணும். நிதானமா உக்காந்து பண்ற வேலை, கேர்ள்ஸுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி. யார் பண்றீங்க?"

பரோட்டா மாஸ்டர் மகன்தான் முதலில் கட்டைவிரலைத் தூக்கினான். அதற்குள் வாயாடி டைப் செய்துவிட்டாள்: "நான் பண்றேன். கல்யாணச் சமையல் ரேட். பாதி அட்வான்ஸ்."