ரெண்டு விரல் சார்

ஆடாமலே விசில் ஊதுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேரம் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஸ்ட்ரைக்கரை ஒருநாளும் சுண்டாமல், அடுத்தவனுக்கு ஃபைன் போடுகிறவர். கபடியில் கோட்டோரம் குந்தியிருந்து பாடி வந்தவனின் மூச்சு எங்கே அறுந்தது என்று சாட்சி சொல்கிறவர். எங்கள் திருவாரூர் ஆளுக்கு வாய்த்தது கோல்ஃப்.

திருவாரூர் மாவட்டத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. இருக்கிற சமதரையெல்லாம் நெல் வயல். அதில் குழி தோண்டிக் கொடி நட்டால் வயல்காரர் மண்வெட்டியோடு வருவார். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றாலும் வெளியூர் போக வேண்டும். கொடைக்கானலில் 1895-லேயே கிளப் தொடங்கிவிட்டார்கள். சார் போனதில்லை. மட்டையைத் தொட்டதும் இல்லை. 2010-ல் மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போனவர், பிள்ளை முழித்துக்கொள்ளாமல் டிவியில் பார்க்கக்கூடிய ஒரே ஆட்டம் அதுதான் என்பதால் அதைப் பார்த்தார். ஆட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதிலிருக்கும் தண்டனைகள் பிடித்துப் போயின. தணிக்கை வேலையில் தலை நரைத்தவர் அல்லவா.

அதிலும் பங்க்கர். பந்தைத் தப்பான இடத்தில் அடித்தவனைச் சிக்கவைப்பதற்காகத் தோண்டி, மண்ணை எடுத்துவிட்டு, மணல் கொட்டி வைத்திருக்கும் பள்ளம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். "பந்து மணல்ல கெடக்கு. அடிக்கிறதுக்கு முன்னாடி பந்துக்குப் பின்னால மட்டைய மணல்ல ஊனிட்டான். எவ்வளவு?" நாம் வாயைத் திறக்குமுன் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எழுந்துவிடும். "ரெண்டு!" அடிக் கணக்கில் ரெண்டு கூடும் என்று அர்த்தம். மணல் இறுகலா இளகலா என்று கையால் தொட்டுப் பதம் பார்த்தால்? ரெண்டு. ஒத்திகைக்கு ஒரு வீசு வீசி மணலில் பட்டால்? ரெண்டு. மட்டையைப் பின்னால் தூக்கும்போது நாலு மணல் உரசினால்? விரல்கள் இறங்கவே இல்லை, அதே ரெண்டுதான். ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டமானால் அந்தக் குழியே எதிராளிக்குப் போய்விடும். ஆனால் அதை அவர் ரசிப்பதில்லை. கணக்கில் ஏறாத தண்டனை என்ன தண்டனை?

டஸ்டின் ஜான்சன் கதையை மட்டும் குரல் தழுதழுக்கச் சொல்வார். 2010 ஆகஸ்ட் 15, நம் சுதந்திர தினம். விஸ்கான்சினில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், கடைசிக் குழி, ஜான்சன் ஒரு அடி முன்னிலை. பந்து போய் விழுந்த இடம் ஜனங்கள் நடந்து நடந்து மிதிபட்ட வெறும் மணல் திட்டு. அது பங்க்கர் என்று அவருக்குத் தோன்றவில்லை, மட்டையை ஊன்றிவிட்டார். அங்கே மணல் இருக்கிற இடமெல்லாம் பங்க்கர்தான் என்று லோக்கல் ரூல் போட்டு, ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையிலேயே ஒட்டியிருந்தார்கள். ரெண்டு! பிளே ஆஃபில் நின்றிருக்க வேண்டியவர் ஐந்தாம் இடத்துக்குப் போனார், கோப்பை மார்ட்டின் கைமர் என்ற ஜெர்மானியருக்குப் போனது. "நோட்டீஸ் போர்டு படிக்காதவன் கதி" என்று முடிப்பார். கண் கலங்கியிருக்கும். ஜான்சனுக்காக இல்லை, யாரும் படிக்காத நோட்டீஸை ஒட்டிய அந்த ஆளுக்காக.

இப்படிப்பட்டவர் மனுநீதிச் சோழன் ஊரில் பிறந்தது தற்செயலாக இருக்க முடியாது. கோயிலுக்கு வெளியே உள்ள கல்தேரைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் கன்றுக்குட்டிக்காக உருகுவார்கள், சிலர் இளவரசனுக்காக. சார் பாபி ஜோன்ஸை இழுப்பார். 1925-ல் அமெரிக்க ஓப்பனில், வேறு யார் கண்ணிலும் படாதபோது, பந்து அசைந்துவிட்டது என்று தானே சொல்லித் தனக்கு ஒரு அடி ஏற்றிக்கொண்டு, கடைசியில் பிளே ஆஃபில் தோற்ற மனிதர். "நம்ம ராஜாவும் அதான செஞ்சார்? மணி அடிச்சது மாடு. தீர்ப்பு சொன்னது அவரே, கட்டினதும் அவரே." அப்புறம் தியாகராசர் கன்றையும் இளவரசனையும் உயிரோடு எழுப்பிக் கொடுத்தாரே சார் என்று கேட்டால், ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்வார்: "அது ஃப்ரீ ரிலீஃப். பெனால்டி கெடையாது."

ஊருக்குள் மைதானம் இல்லாததால் ஊரையே மைதானமாக வைத்துக்கொண்டார். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி முடியுமுன் யாராவது அப்பளத்தை ஒடித்தால் எதிர் வரிசையிலிருந்து இரண்டு விரல் எழும். முடிவெட்டும் கடையில் முறை தாண்டி உட்கார்ந்தாலும் உண்டு. தெருவில் வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலில் பையன்களின் கிரிக்கெட் பந்து புதைந்தது. ஒருவன் கையைவிட்டுத் துழாவினான். "ரெண்டு!" பையன் திரும்பிப் பார்த்து, "தாத்தா, பங்க்கர்னா பள்ளம் தோண்டி மணல் போட்டதுன்னு நீங்கதான சொன்னீங்க? இது மேடால்ல இருக்கு?" என்றான். எங்களில் யார் கேட்டிருந்தாலும் மூஞ்சி சுருங்கியிருக்கும். அன்றைக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். விரல்களை மடக்கிக்கொண்டு, குவியலைச் சுற்றி வந்து, "அப்பீல் செல்லும்" என்று தீர்ப்பு சொல்லி அவனுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். தெருப் பிள்ளைகள் அவரைத் தேடுவதற்கு அதுதான் காரணம். பெரியவர்களில் எவர் இங்கே வாதத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறார்?

ஐப்பசி, கார்த்திகையில் அவரோடு வெளியே போகக்கூடாது. மழைத் தண்ணீர் தேங்கினால் அது 'தற்காலிகத் தண்ணீர்'. அழுத்தி மிதிக்காமல் சும்மா நின்றாலே தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மார்கழிப் பனி கணக்கில் சேராது. தண்ணீரில் பந்து கிடந்தால் தண்டனையில்லாமல் காய்ந்த இடத்துக்கு எடுத்துப் போகலாம், ஆனால் கொடிக்குழிக்கு நெருங்கி வரக்கூடாது. பனகல் சாலையில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒருநாள் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் பஸ் ஸ்டாண்டைக் குழியாக வைத்துக்கொண்டார். காய்ந்த இடம் இடப்பக்கம் ஒன்று இருந்தது; அது பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு முழம் கிட்டத்தில். ஆகவே ஆகாது. பின்னால் போனார். அங்கேயும் தண்ணீர். இன்னும் பின்னால். நான் மன்னார்குடி வண்டியில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவர் கிட்டத்தட்ட வீட்டு வாசலுக்கே போய்விட்டிருந்தார், தண்டனை ஏதும் இல்லாமல்.

கொடைக்கானல் மைதானத்தில் காட்டுமாடுகள் மேயும் என்று யாரோ சொன்னதிலிருந்து வேறு கவலை. பங்க்கரில் அதன் குளம்புத் தடத்துக்குள் பந்து விழுந்தால்? வளை தோண்டும் பிராணி என்றால் சலுகை உண்டு. குளம்படி வளை ஆகாது. "அப்படியே அடிக்கணும்" என்றார், காட்டுமாடு இன்னும் பக்கத்தில் நிற்குமே என்பதைப் பற்றிய யோசனையே இல்லாமல்.

சட்டத்தின் மேல் இவ்வளவு பிரியம் வைத்தவருக்குச் சட்டம் துரோகம் செய்தது. 2016-ல் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் பிளே ஆஃபில் அன்னா நோர்ட்க்விஸ்ட் மட்டையைத் தூக்கும்போது சில மணல் துகள்கள் அசைந்ததை டிவி கேமரா பெரிதாக்கிக் காட்டியது. ரெண்டு விழுந்தது, கோப்பை பிரிட்டனி லேங்குக்குப் போனது. சாருக்கு அது பொற்காலம். வீட்டில் உட்கார்ந்தபடியே தப்பைக் கண்டுபிடித்துப் போனில் சொல்கிறவர்களும் அப்போது உண்டு. அவர்கள் பேச்சை நிர்வாகிகள் கேட்டார்கள். தானும் ஒருநாள் பேசுவதாக இருந்தார். 2018 ஜனவரி முதல் டிவி பார்ப்பவர்களின் போனை எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் விதிப் புத்தகத்தையே மாற்றி, பங்க்கரில் கிடக்கும் காய்ந்த இலை, கல்லையெல்லாம் எடுத்துப் போடலாம் என்றார்கள். அதுவரை இலையைத் தொட்டாலும் ரெண்டு. ஆத்திரத்தில் மட்டையால் மணலை ஓங்கி அடித்தாலும் தண்டனை இல்லை என்றும் எழுதிவிட்டார்கள். பதம் பார்த்தால் குற்றம், கோபப்பட்டால் மன்னிப்பு. பந்தைப் பங்க்கருக்கு வெளியே எடுத்து வைத்து ஆடலாம், விலை ரெண்டு அடி என்று புதிதாக ஒன்றைச் சேர்த்ததுதான் அவருக்கு ஆறுதல்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத ஒன்றும் உண்டு.

சித்தப்பாவின் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டியிருந்தோம். எந்த ஊர் நிலையம் என்பது வேண்டாம். துணைக்கு வருகிறேன் என்று சாரும் வந்தார். சித்தப்பா வழக்கம்போலக் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, நாலு நெல்லைக் கடித்துப் பார்த்தார். பின்னாலிருந்து, "ரெண்டு!" பதம் பார்க்கலாமா? ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மெஷின் கூடுதலாகக் காட்டியது. இன்னும் காயவையுங்கள் என்றார்கள்; வானம் கருக்கியிருந்தது. சித்தப்பா தோளில் கிடந்த துண்டை உருவிக் குவியலின்மேல் ஓங்கி அடித்தார். நான் சாரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். "இதுக்கு இல்ல. ஆத்திரம். 2019-லேருந்து விட்டுட்டான்."

பிறகு ஒருவர் எங்களைத் தனியாக அழைத்து, சிப்பத்துக்கு இவ்வளவு கொடுத்தால் ஈரத்தைப் பற்றிப் பேச்சில்லை என்றார். ரசீது கிடையாது. சார் மூன்றடி தள்ளி நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பளத்துக்கு எழுந்த விரல்கள், எம்-சாண்டுக்கு எழுந்த விரல்கள், அங்கே சட்டைப் பைக்குள் கிடந்தன. எனக்கு அவர்மேல் உள்ள கோபம் இதுதான், இது மட்டும்தான். விளைவித்தவன் தன் நெல்லைத் தொட்டால் குற்றம் சொல்லத் தெரிந்த ஆளுக்கு, அந்த நெல்லின் விலையில் கைவைக்கிறவனிடம் வாய் வராது. இவர் ஒருவர் மட்டுமா இப்படி? ஊரில் விதி பேசுகிற முக்கால்வாசிப் பேர், பதிலுக்கு எதுவும் செய்ய முடியாதவனிடம்தான் விதி பேசுகிறார்கள். ஓய்வு பெற்ற மனிதர், பென்ஷன் வருகிறது, மகள் வெளிநாட்டில். அவரிடமிருந்து எதைப் பிடுங்கிவிடுவார்கள்?

திரும்பும் வழியில் கேட்டேவிட்டேன். "ஏன் சார், அந்த ஆளுக்கு விரலத் தூக்கலியே?"

"நான் பார்வையாளன், தம்பி. பார்வையாளன் புகார் சொன்னா எடுக்கக் கூடாதுன்னு 2018-லயே நிறுத்திட்டான்ல."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா திரும்பாமலே கேட்டார். "அப்ப சிப்பத்துக்கு நான் அழுத காசு எந்த ரூல்ல சார் வருது?"

சார் கொஞ்ச தூரம் யோசித்தார்.

"அது லோக்கல் ரூல்."