சிம்பிள் அண்ணாச்சி

ஒரு வீட்டில் குழந்தைக்குப் பிறந்த நாள் நெருங்குகிறது என்ற செய்தி, அந்தக் குழந்தைக்கே சரிவர எட்டுவதற்கு முன்னால், தெருவில் ஒரே ஒருவருடைய காதில் மட்டும் எப்படியோ விழுந்துவிடுகிறது. விழுந்த அன்றே மாலையில், வெற்றிலைச் சிவப்பு மாறாத வாயோடும் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றோடும் அவர் வந்து திண்ணையில் அமர்ந்து, வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, ஒண்ணும் பயப்படாத. சிம்பிளா முடிச்சிருவோம்" என்று அபயம் அளிக்கிறார். பயப்படுவதற்கு இதில் ஏதோ இருக்கிறது என்பது தம்பிக்கு அப்போதுதான் தெரிய வருகிறது.

இந்தப் பிரகிருதியைத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் காணலாம் என்றாலும், திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்தில், அதிலும் உவரியில், இவர் அடைந்திருக்கும் பூரண வளர்ச்சியை வேறெங்கும் காண்பது அரிது. ஒரு பக்கம் புனித அந்தோனியார் திருத்தலத்தில் தை மாதக் கொடியேற்றத்தோடு தொடங்கிப் பதின்மூன்று நாள் திருவிழா. அது போக, செவ்வாய்தோறும் வெளியூர் ஜனங்களின் வருகை. இன்னொரு பக்கம் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் தைப்பூசமும் வைகாசி விசாகமும். அசனம் என்று பந்தி விரித்தால் இன்னார் இனியார் என்று பாராமல் சோறு விழுகிற இந்த மண்ணில், தலையை எண்ணித் தட்டு வைக்க வேண்டும் என்ற நூதன சித்தாந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் வீடு வீடாகப் புறப்படுகிறார் என்றால் அவர் சாமான்யரா? கோயிலில் அவருக்கு நிரம்பப் பிடித்தது, சுயம்புலிங்கருக்குப் பக்தர்கள் கடல் மணலை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கொட்டுகிற நேர்ச்சைதான். பக்திக்குப் பக்தி, துட்டுக்குச் செலவில்லை, மணலும் தீராது என்று அதைப் புகழ்வார்.

இத்தனை சிரத்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், அவருக்குப் பிறந்த நாட்கள் இரண்டு இருப்பதும், இரண்டில் ஒன்றுகூட இதுவரை கொண்டாடப்படாததும் புலனாகும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த வாரத்தில் அவர் பிறந்ததாகத் தாயார் சொல்லக் கேள்வி. பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டோ அவர் அடுத்த வருஷம் ஜூன் 1-ஆம் தேதி அவதரித்ததாகச் சாதிக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் ஒன்றுபோலக் கட்டாயமாக்கிய சட்டம் வந்ததே 1969-இல்; அதற்கு முந்தின தலைமுறைக்குத் தலைமையாசிரியர்தான் பிரம்மா. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்ட பையனுக்கு ஐந்து வயது நிரம்பிற்று என்று தீர்ப்பளித்து, பள்ளி திறக்கிற தேதியிலிருந்து ஐந்து வருஷத்தைக் கழித்து அவர் எழுதியதே ஜாதகம். இதனால் அண்ணாச்சியின் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாத முதலிலுமாகக் கும்பலாகப் பிறந்து தொலைத்திருந்தார்கள்.

ஆகவே தேதி என்பது அவருக்குத் தெய்வீகமான விஷயம் அன்று, சௌகரியமான விஷயம். இந்து வீட்டுப் பாட்டி, "நட்சத்திரம் புதன்கிழமைதானே வருது" என்பாள். கத்தோலிக்க வீட்டுப் பாட்டி, பிறந்த நாளுக்கு என்ன அவசரம், பெயர் கொடுத்த புனிதருடைய திருநாள் அல்லவா பெரிது என்பாள். குழந்தையின் தாயார் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டுவாள். மூவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அண்ணாச்சி, "ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணி" என்று நோட்டில் எழுதிவிடுவார். நாலு மணியில் ஒரு ராஜதந்திரம் இருக்கிறது. அது மத்தியானச் சாப்பாட்டின் கடன் தீர்ந்து, ராத்திரிச் சாப்பாட்டின் கடன் இன்னும் ஏறாத வேளை. ஒரு பலகாரத்தோடும் ஒரு டம்ளர் பானகத்தோடும் கௌரவமாக வாசலுக்கு வழியனுப்பிவிடலாம். குழந்தைகளும் தூங்கி எழுந்து தெளிந்த முகத்தோடு இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் குழந்தையும் விருந்தாளியாக இராது, அதற்குப் பிறகு அழுகைதான் என்பது அவருடைய இன்னொரு விதி. இவ்விரண்டு விதிகளிலும் குற்றம் காண எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியபோது அண்ணாச்சி ஒன்றை மறந்துவிட்டார். அன்று கத்தோலிக்க மீனவர் கடலுக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் வள்ளத்தில் இருக்கிற தகப்பன்மார், மாமன்மார், சித்தப்பாமார் யாவரும் வெள்ளை வேட்டியோடு கரையில் இருக்கிற ஒரே நாள் அதுதான். நோட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் என்று கண்டிருக்கும். அந்தப் பன்னிரண்டில் ஒவ்வொன்றையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வர ஓர் அக்காள். அக்காளைத் தனியே அனுப்பக் கூடாதென்று ஓர் ஆச்சி. ஆச்சிக்குக் கண் மங்கல், கைபிடித்துக் கூட்டி வர ஒரு பேரன். அந்தப் பேரனைத் தேடிக்கொண்டு அவன் தகப்பனார். நாலே கால் மணிக்கு அண்ணாச்சி வாசலில் நின்று எண்ணத் தொடங்கி, நாலரைக்கு எண்ணிக்கையைக் கைவிட்டு, "உள்ள வாங்க, எல்லாம் நம்ம பிள்ளையதான்" என்று வரவேற்பாளராக மாறிவிடுவார். அசனம் உண்டு வளர்ந்த உடம்பு அல்லவா!

பலகாரத்தில்தான் அவருடைய மேதை சுடர்விடும். திசையன்விளைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பேக்கரிக் கேக் வாங்கி வருவதை அவர் அடிமைப் புத்தி என்று கருதுகிறார். பனைமரத்தை வாசலில் வைத்துக்கொண்டு பஞ்சு போன்ற வஸ்துவுக்கு அழுவானேன் என்பது கட்சி. குழந்தை எந்த மாதத்தில் பிறந்தது என்று சொன்னால் போதும், பனை பார்த்துக்கொள்ளும்: தை மாசி என்றால் அவித்த பனங்கிழங்கு, பங்குனி முதல் ஆனி வரை நுங்கும் பதநீரும், ஆடி ஆவணிக்குச் சுட்ட பனம்பழம், கார்த்திகை என்றால் கேட்கவே வேண்டாம், குருத்தோலைக்குள் மாவும் கருப்பட்டியும் தேங்காயும் வைத்துக் கட்டி அவித்த ஓலைக்கொழுக்கட்டை. போகிற பிள்ளை கையில் பிளாஸ்டிக் டப்பா கொடுக்காமல், மணப்பாட்டுப் பக்கத்தில் பெண்கள் முடைகிற சின்ன ஓலைக் கொட்டானில் நாலு சில்லுக்கருப்பட்டி. கேட்கும்போதே நாவும் நெஞ்சும் இனிக்கிற திட்டம்.

செய்துபார்க்கும்போது இரண்டு சங்கடங்கள் தலைகாட்டும். பனையேறுகிறவர்கள் குறைந்துபோன இந்நாளில், சீனிப்பாகு கலவாத நல்ல உடன்குடிக் கருப்பட்டி சீனியைக் காட்டிலும் பல மடங்கு விலை. ஏழையின் இனிப்பு எப்போதோ படியேறிப் பணக்காரனுடைய அலமாரிக்குப் போய்விட்டதை அண்ணாச்சி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றொரு சங்கடம் நோட்டில் ஏறாதது. அறுபது ஓலைக்கொழுக்கட்டைக்குக் குருத்தோலை நறுக்கி, மாவு வறுத்து, தேங்காய் துருவி, கருப்பட்டியைத் தட்டிச் சலித்து, புகை கண்ணில் ஏற அவித்து இறக்குகிறவர்கள் அந்த வீட்டுப் பெண்களும் பக்கத்து வீட்டு மதினிமாரும். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் நாலு மணிக்குத்தான் முந்தானையில் கை துடைப்பார்கள். அண்ணாச்சியின் நோட்டில் அந்த வரிக்கு எதிரே 'செலவு இல்லை' என்றிருக்கும். எளிமை என்று புருஷர்கள் கொண்டாடுகிற பலவும் இப்படி அடுப்படியில் வசூலாகிறவைதாம். கூலி என்று ஒரு பத்தி போட்டுக் கூட்டிப் பார்த்தால் பேக்கரிக்காரர் தர்மம் செய்கிறார் என்றே தோன்றும்.

கேக் வேண்டவே வேண்டும் என்று தாயார் பிடிவாதமாக நின்றுவிட்டால் அண்ணாச்சி இறங்கி வருவார். ஆனால் எண் மெழுகுவர்த்தி வாங்க விடமாட்டார். அதற்கென்று அவரிடம் பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டு. ஊரில் ஒவ்வொரு பிறந்த நாள் முடிந்ததும், ஊதி அணைத்த எண்ணைக் கேக்கிலிருந்து பிடுங்கி, கிரீமை விரலால் வழித்து, வழித்ததை வீணாக்காமல் வாயில் இட்டு, வர்த்தியைத் துணியில் சுற்றி அந்த டின்னுக்குள் சேர்ப்பார். அவருடைய கணக்குப்படி 'ஒன்று' என்பது நிலம் வாங்கிப் போடுகிற மாதிரி: முதல் வயதில் ஒரு தரம் ஏற்றினால், மறுபடி பத்திலிருந்து பத்தொன்பது வரை வருஷந்தோறும் வேலை தரும். 'பூஜ்யம்' பத்து வயதில் ஒரு நாள் பவிசோடு சரி. எலி கடித்ததும் சித்திரை வெயிலில் வளைந்ததும் போக, கையிருப்பில் 'ஒன்பது' இல்லாமல் ஒரு தடவை நெருக்கடி வந்தபோது, அண்ணாச்சி 'ஆறை'த் தலைகீழாக்கினார். திரி அடிப்பக்கம் போய்விட்டது. ஊசியைக் காய்ச்சி மறுமுனையில் துளை போட்டு, விளக்குத் திரியைச் செருகி, பழைய திரியை நறுக்கி எறிந்து, அன்றைய தினம் ஒரு குழந்தைக்கு ஒன்பது வயதை அவர் பூர்த்தி செய்து வைத்ததை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

மெழுகு அதிகம் உருகக் கூடாதாகையால் வாழ்த்துப் பாட்டைக் கைதட்டலோடு விரைவாகப் பாடி முடிக்க உத்தரவு. அந்தப் பாட்டின் மெட்டு, 1893-இல் அமெரிக்காவில் ஹில் என்ற இரு சகோதரியர் பாலர் வகுப்புக்காக வெளியிட்ட காலை வணக்கப் பாட்டினுடையது என்றும், பிறந்த நாள் வாழ்த்தாக மாறிய பிற்பாடு அதற்கு உரிமை கொண்டாடிய கம்பெனி, சினிமாவில் பாடினால்கூடப் பணம் வசூலித்து வந்து, 2015-இல் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றதும், மறு வருஷம் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் திருப்பித் தரச் சம்மதித்தது என்றும் யாரோ கல்லூரிப் பையன் சொல்லக் கேட்டு, அண்ணாச்சி அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. "நாம அம்புட்டு வருசமும் ஓசியிலதானல பாடியிருக்கோம்!" என்று மார் தட்டினார்.

இவரைப் பரிகசிக்கிற நான் ஓர் இடத்தில் மட்டும் இவர் கட்சியாகிவிடுவேன், அது விளையாட்டு. வாசலை அடைத்து ஒரு ப்ளெக்ஸ் பலகை, அதில் கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஒரு வயதுக் குழந்தை, அதன் தலைக்கு மேல் நட்சத்திர நடிகர், கீழே வட்டங்களுக்குள் தாய்மாமன்மார் எழுவர் என்று ஊர் போய்க்கொண்டிருக்கும்போது, அண்ணாச்சி நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளுகிற நுங்கு வண்டி பத்துச் செய்து வைப்பார், ஓலைக் காற்றாடி முறுக்குவார், ஓலைப்பந்து பின்னுவார். கடலில் கால் நனைக்க அனுமதி இல்லை, அதில் கண்டிப்பு. தெருவில் நுங்கு வண்டிப் பந்தயம், முற்றத்தில் கிளித்தட்டு, சின்னதுகளுக்கு மணலில் புதைத்த சிப்பி தேடல். விலை உயர்ந்த ரிமோட் காரைப் பரிசாகப் பெற்ற பையன் காரைத் தகப்பனாரிடம் ஒப்படைத்துவிட்டு, அது வந்த அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து வள்ளம் ஓட்டுவதையும், தகப்பனார் ஓரமாகப் போய்க் காரை ஓட்டிப் பார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன். பிறந்த நாள் செலவில் பெரும்பகுதி பெரியவர்கள் பெரியவர்களுக்குச் செய்துகொள்கிற உபசாரம் என்ற அளவில் அண்ணாச்சியின் தரிசனம் பழுதில்லாதது. கப்பல் வடிவத்தில் கேக் கேட்டு அழுத ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், கப்பல் உருவிலேயே கட்டியிருக்கும் கப்பல் மாதா கோயிலைக் காட்டி, "இதவிடப் பெரிசா எந்தப் பேக்கரிக்காரன் செய்வான், சொல்லு" என்று அவர் கேட்டபோது குழந்தை அழுகையை நிறுத்தியதும் உண்மை.

அவருக்குச் சரிவு நேர்வது 'சேர்த்துச் செய்தல்' என்ற தத்துவத்தால். முதலாவது பிறந்த நாளும் மொட்டையும் காதுகுத்தும் தனித்தனியே செய்தால் மூன்று செலவு, குலதெய்வமான சுயம்புலிங்கர் சந்நிதியில் ஒரே நாளில் முடித்தால் ஒரு செலவு என்பார். கேட்டால் கணக்குச் சரி. காதுகுத்து என்று பெயர் வந்த மாத்திரத்தில் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் சும்மா வருவானா? கடுக்கன், பட்டு, பழத்தட்டு, மேளம், ஒரு வேன் நிறையப் பந்துக்கள். மாமன் சீர் கொண்டுவந்தால் ஆட்டுக்கறி போடாமல் அனுப்புவது எப்படி? கறி போட்டால் மொய் நோட்டு வேண்டும். மொய் எழுதினால், எழுதியவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் இனிப் போயாக வேண்டும். நாலு மணிப் பானகமாக முளைத்த யோசனை, கோயில் வாசலில் பந்தலும் பாத்திர வாடகையுமாகக் கிளைத்து, கல்யாணத்துக்கு ஒரு படி குறைவாக நிற்கும். இரவு கணக்குப் பார்க்கையில் தகப்பனார் வாய் திறவாமல் இருப்பார். அண்ணாச்சியோ, "தனித்தனியா செஞ்சிருந்தா நெனச்சுப் பாரு, தம்பி" என்று, செய்யாத செலவைக் கூட்டிக் காட்டி, மிச்சம் பிடித்த தொகையை அடியில் இரட்டைக் கோடிட்டு எழுதுவார்.

போன கார்த்திகையில் அவருடைய சொந்தப் பேரனுக்கே ஆறு வயது நிரம்பிற்று. குருத்தோலைக்கு ஆள் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, "இவியளுக்கு நோட்டு எழுதினா போதும், அவிக்கது ஆரு?" என்று ஒரே வாக்கியத்தில் திட்டத்தை ரத்து செய்துவிட்டு, அண்ணாச்சியின் மனைவி திசையன்விளையிலிருந்து ஒரு கிலோ கேக் வரவழைத்துவிட்டாள். விலை கேட்டார், அவள் சொல்லவில்லை. கத்தி இனாமா, தனிக் காசா என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. மெழுகுவர்த்தி மட்டும் வாங்கவில்லை என்று தெரிந்ததும் முகம் மலர, பரண் மேலிருந்து டின்னை இறக்கித் துழாவினார். ஊரில் இருந்த ஒரே 'ஆறு', அவர் கையாலேயே ஒன்பதாகிக் கிடந்தது. திருப்பி வைத்தால் ஏற்றத் திரி இல்லை. பழைய துளை மெழுகு மூடிவிட்டது. ஊசி காய்ச்ச நேரமும் இல்லை. குழந்தைகள் கேக்கைச் சுற்றி நின்றுவிட்டன. அண்ணாச்சி ஒன்பதை ஒன்பதாகவே நட்டு, ஏற்றி, பேரனை ஊதச் சொன்னார். ஆறு வயதுக்காரன் தாத்தாவை ஏறிட்டுப் பார்த்து, "தாத்தா, எனக்கு ஆறுதான!" என்றான்.

"அதனால என்ன, மக்கா? மூணு வருசத்தச் சேத்துக் கொண்டாடியாச்சு. இனி ஒம்பது முடியிற வரைக்கும் செலவு இல்ல" என்று சொல்லி, கிரீமை வழிக்க விரலை நீட்டினார்.