பெருமாள் கோபிப்பாரா?

கேள்வி: குழுவோடு திருப்பதிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறோம். போன தடவை கொப்புளம், சுளுக்கு. இந்தத் தடவை முடியாமல் பஸ் ஏறினால் பெருமாள் கோபிப்பாரா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: மாட்டார். கூட வந்தவர்கள்தான் அடுத்த புரட்டாசி வரை சொல்லிக் காட்டுவார்கள்! கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் தோல்தான் இலவச பிளாஸ்திரி. கணுக்கால் வீங்கி, ஊன்றவே முடியவில்லையா? பஸ்தான். திருமலை வரைக்கும் போகிறது. கால் நன்றாக இருந்தால் தெம்பை மலைக்கு மிச்சம் வையுங்கள்: அலிபிரியில் 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டில் 2,388தான், ஆனால் செங்குத்து. கிளம்பும்போது உங்கள் ஊர் 32 அடி ஆஞ்சநேயரிடம் சொல்லிக்கொள்ளுங்கள். கடலையே தாண்டியவர், அவரும் நடந்து போகவில்லை! "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பவரை மட்டும் நம்பாதீர்கள். ஊத்துக்கோட்டையிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டு வருவார்.